நிறுவனர் ஆட்சியா, தேர்தல் ஆட்சியா?

2002-இல் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய அரசியல் விளையாட்டு இன்னும் நடக்கிறது. ஆடும் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டை நடத்துவார்கள். அதில் நாடுகள் கூடி வட்டாரமாகும்போது ஆட்சிக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, வட்டாரத்தைத் தொடங்கிய நிறுவனரின் ஆட்சி. அவரை வாக்களித்து இறக்க முடியாது. வெளியார் புகுந்து பிடித்தாலும் அவர் வந்து மீட்டுவிடுவார். ஆனால் 28 நாள் அவர் உள்ளே வராவிட்டால் (விடுமுறை நிலையில் 60) அவரது நாடே மறைந்துவிடும். வாரிசு நியமிக்கும் வசதி பின்னாளில்தான் வந்தது.

இன்னொன்று, வடக்கு பசிபிக் போல நிறுவனரே இல்லாத வட்டாரம். விளையாட்டுக்குள் ஐ.நா. போல இருக்கும் உலக மன்றத்தின் உறுப்பினர்களில் யாருக்கு ஆதரவு அதிகமோ அவரே பிரதிநிதி, அதாவது வட்டாரத் தலைவர். விளையாட்டின் நிரலுக்குத் தெரிந்தது இந்த எண்ணிக்கை மட்டுமே. அரசியலமைப்பு, தேர்தல், நீதிமன்றம் எல்லாம் ஆடுபவர்களே எழுதிக்கொண்டவை. தேர்தல் முடிந்ததும் பழையவர் தானாக விலக வேண்டும், மற்றவர்கள் ஆதரவைப் புதியவருக்கு மாற்ற வேண்டும். பழையவர் விலக மறுத்தால் அதுதான் ஆட்சிக்கவிழ்ப்பு! இந்த ஆபத்தே மக்களை விழிப்பாக வைத்திருக்கிறது என்று நம்புகிறேன். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

சரி, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிய நாடுகள் பிறக்கும் இடங்களில் ஒன்று என்பதால் வடக்கு பசிபிக்குக்கு ஆள் பஞ்சமில்லை. பத்துப் பேர் கொண்ட சிறு வட்டாரமென்றால் முதலில் நிறுவனர் ஆட்சியே நல்லது.