மினி பைக்குக்குப் பெரிய சக்கரம்: ஸ்கூட்டரா, மொபெட்டா?

தண்ணீர் பம்பில் வரும் 6.5 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், 145/70-6 டயர், வீட்டிலேயே வெல்டிங் வைத்த சட்டம். இப்படி ஒரு மினி பைக் தோட்டத்துக்குள் ஓடும்போது வரப்பு வந்தாலே அடி தட்டும். டயரின் உயரமே சுமார் 14 அங்குலம்தான். பெரிதாக்க நினைத்தால் எளிதில் கிடைப்பவை இரண்டு: பழைய கியர் ஸ்கூட்டரின் 3.50-10 அளவுச் சக்கரம், டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டின் 2.50-16 அளவுச் சக்கரம்.

மாட்டுவதற்கு மொபெட் சக்கரம்தான் சுலபம். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஆக்சில், டிரம் பிரேக் எல்லாம் சேர்ந்தே வரும். ஸ்கூட்டர் ரிம் ஒரு பக்கமாக நட்டில் நிற்பது. லேத்தில் ஹப் கடைந்தாக வேண்டும்.

ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். ஸ்கூட்டர் டயர் சுமார் 17 அங்குலம், மொபெட் டயர் 21. பின்னால் 60 பல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) இருந்தால், அதே இழுவைக்கு முதலாவதில் 73 பல் போதும். இரண்டாவதில் 90 வேண்டும். ஸ்பிராக்கெட்டை மாற்றாமல் அப்படியே விட்டால் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (இன்ஜின் வேகம் கூடினால் தானாகப் பிடிப்பது) சரியாகப் பிடிக்காமல் வழுக்கி, சூடேறி, கிளட்ச் டிரம் நீலம் பாய்ந்துவிடும். ஆக்சிலும் மூன்றரை அங்குலம் உயரும். குட்டைச் சட்டத்தில் அவ்வளவு உயரம் ஏறினால் மேட்டில் முன்சக்கரம் தூக்கும்.

அதனால் இருக்கிற சட்டத்துக்கு என் ஓட்டு ஸ்கூட்டர் சக்கரத்துக்கே. புதுச் சட்டம் நீளமாகச் செய்வதென்றால் மொபெட் சரி. அப்புறம் ஒன்று: ஸ்கூட்டர் ரிம் இரண்டு பாதியாகப் பிரியும். காற்றை முழுதாக இறக்காமல் அந்தப் பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.