ஒரு ரூபாய்க்கு ஒரு கிளிக்: இந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

"சார், கூகுள்ல உங்க விளம்பரம். ஒரு கிளிக் ஒரே ரூபாய். மாசம் பத்தாயிரம் கிளிக் கேரண்டி."

பல் ஆஸ்பத்திரி, ஆர்ஓ சர்வீஸ், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், இன்டீரியர் வேலை என்று எந்தத் தொழில் வைத்திருந்தாலும் இந்த போன் ஒருநாள் வரும். பணம் கட்டியவர்களுக்கு நடப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். மாதக் கடைசியில் எக்செல் ஷீட்டில் பத்தாயிரத்துச் சொச்சம் கிளிக் இருக்கும், கடை போன் மட்டும் அடித்திருக்காது. கேட்டால், "கிளிக் கொடுத்துட்டோம் சார், அதை கஸ்டமரா மாத்துறது உங்க வெப்சைட் வேலை" என்று பதில் வரும்.

ஷீட்டில் உள்ள எண் பல சமயம் பொய்கூட இல்லை. கிளிக் விழுந்திருக்கும். எங்கே விழுந்தது என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

கூகுளில் ஒருவர் தேடும் ஒவ்வொரு முறையும் ஓர் ஏலம் நடக்கிறது. நாம் வைக்கும் பிட், அதாவது ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் தரச் சம்மதிக்கும் தொகை, அதில் ஒரு பங்குதான். விளம்பரத்தின் தரம், லேண்டிங் பேஜ் (கிளிக் செய்தால் திறக்கும் பக்கம்), தேடுபவர் எந்த ஊரில் எந்தக் கருவியில் தேடுகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஆட் ரேங்க்; விளம்பரம் வருமா, எந்த இடத்தில் வரும் என்பதை முடிவு செய்வது அதுதான். இந்த ஆட் ரேங்குக்கு ஒரு அடிமட்டக் கோடு உண்டு. எதிரே போட்டிக்கு ஆளே இல்லாவிட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டாத விளம்பரம் வராது. 1998-இல் கோடூ டாட் காம் என்ற தேடல் தளம் ஏலத்தைத் தொடங்கியபோது நிலைமை வேறு. யார் அதிகம் கேட்டாரோ அவர் மேலே, ஆளில்லாத கீவேர்டுக்கு (விளம்பரத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் தேடல் சொல்லுக்கு) ஒரு சென்ட் போதும். 2002-இல் கூகுள் தன் ஏலத்தில் கிளிக் விகிதத்தையும் (பார்த்தவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை) சேர்த்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. ஆனாலும் 'ஆயிரம் கீவேர்ட், அடிமட்ட பிட்' என்ற சரக்கை இன்றும் விற்கிறார்கள்.

சென்னையில் பல் இம்ப்ளான்ட் மாதிரிப் பல ஆஸ்பத்திரிகள் மோதிக்கொள்ளும் கீவேர்டுக்கு ஒரு ரூபாய் பிட் வைத்தால் என்ன ஆகும்? கீவேர்டின் ஸ்டேட்டஸில் 'பிலோ ஃபர்ஸ்ட் பேஜ் பிட்' (முதல் பக்கத்துக்கு இந்த பிட் போதாது) என்றோ, ஆட் ரேங்க் குறைவால் அரிதாகவே காட்டப்படுகிறது என்றோ வரும். சர்ச் இம்ப்ரெஷன் ஷேர், அதாவது விளம்பரம் வந்திருக்கக்கூடிய தேடல்களில் உண்மையில் வந்த பங்கு, 10%-க்குக் கீழே கிடக்கும். ரேங்கால் இழந்த பங்கைக் காட்டும் நெடுவரிசை 90%-ஐத் தாண்டி நிற்கும். அதாவது, தேடியவர் கண்ணில் விளம்பரம் ஏறக்குறைய படவே இல்லை.

அப்படியானால் பட்ஜெட் எப்படித் தீர்ந்தது? சூட்சுமம் ஒரு டிக் பெட்டியில் இருக்கிறது. சர்ச் கேம்பெயினின் செட்டிங்ஸில் 'நெட்வொர்க்ஸ்' பகுதியில் டிஸ்ப்ளே நெட்வொர்க்கையும் (தேடலுக்கு வெளியே மற்ற தளங்களிலும் ஆப்களிலும் வரும் விளம்பரங்களையும்) சேர்க்கவா என்று ஒரு பெட்டி உண்டு. பலரும் அதை எடுப்பதே இல்லை. சர்ச்சில் செலவாகாமல் மிஞ்சும் பட்ஜெட் இதன் வழியாக டிஸ்ப்ளேவுக்குப் போகும். பிட்டை ஒரு ரூபாயில் வைத்தால் சர்ச்சில் காசு செலவாகாது. மிஞ்சியதெல்லாம் மொபைல் கேம், டார்ச் ஆப், ஏதோ ஒரு வால்பேப்பர் தளம் என்று ஓடும். கேம் ஆடும் குழந்தையின் விரல் தவறிப் பட்டதும் ஒரு கிளிக்தான். இம்ப்ளான்ட்டுக்கு டாக்டர் தேடி அலைபவர் தொட்டதும் ஒரு கிளிக்தான். ஷீட்டில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும்.

இன்னொரு கை வரிசை, உங்கள் கடைப் பெயரையே கீவேர்டாகப் போடுவது. உங்கள் பெயரை அடித்துத் தேடுபவர் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர், பெரும்பாலும் போட்டியும் இல்லை, கிளிக் மலிவு. கணக்குக்கு ஒன்று பாருங்கள்: கடைப் பெயரில் 900 கிளிக், தலா ₹1, மொத்தம் ₹900. உண்மையான சர்வீஸ் கீவேர்டில் 20 கிளிக், தலா ₹55, மொத்தம் ₹1,100. சேர்த்துப் பார்த்தால் 920 கிளிக், ₹2,000, சராசரி ₹2.17. ரிப்போர்ட்டில் அந்த சராசரி மட்டும் கொட்டை எழுத்தில் வரும். புது வாடிக்கையாளரைக் கொண்டுவந்திருக்கக்கூடியது அந்த 20 மட்டும்தான்.

ஊர் செட்டிங்கும் சேர்ந்து காலை வாரும். 'சென்னை' என்று தேர்ந்தெடுத்தாலும், லொகேஷன் ஆப்ஷன்ஸில் வழக்கமாகத் தேர்வாகி வருவது 'பிரசன்ஸ் ஆர் இன்ட்ரெஸ்ட்'. சென்னையில் இருப்பவர்கள் மட்டுமல்ல, சென்னை மீது ஆர்வம் காட்டியவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் உள்ளே வருவார்கள். வீட்டுக்குப் போய் ஃபில்டர் மாற்றும் தொழிலுக்கு பாட்னாவிலிருந்து வரும் கிளிக் எதற்கு?

"கன்வர்ஷன் 300 வந்திருக்கே சார்" என்றால், எதை கன்வர்ஷன் என்று எண்ணினார்கள் என்று கேளுங்கள். கன்வர்ஷன் என்றால் போன் அழைப்பு, படிவம் மாதிரி நமக்குப் பயன்படும் ஒரு செயலாக இருக்க வேண்டும். பக்கம் திறந்ததையே கன்வர்ஷனாகப் பதிந்து வைத்த கணக்குகள் ஏராளம்.

சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும், கூகுள் விளம்பரக் கணக்கைத் திறக்க விட்டால். கேம்பெயின் பட்டியலில் 'செக்மென்ட்' பொத்தானை அழுத்தி 'நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் சர்ச், சர்ச் பார்ட்னர்ஸ் (கூகுளோடு சேர்ந்த மற்ற தேடல் தளங்கள்), டிஸ்ப்ளே என்று கிளிக் தனித்தனியாகப் பிரியும். அந்த ஒரு திரையிலேயே பாதிக் கதை வெளியே வந்துவிடும். அடுத்தது சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட், மக்கள் உண்மையில் அடித்துத் தேடிய சொற்களின் பட்டியல். குறைந்த எண்ணிக்கையில் தேடப்பட்ட சொற்களை கூகுள் அதில் காட்டாது, இருந்தாலும் 'இலவசம்', 'வேலைவாய்ப்பு', 'கோர்ஸ்' என்று எவ்வளவு குப்பை சேர்ந்திருக்கிறது என்பது தெரியும். பிறகு விளம்பரம் தோன்றிய இடங்களின் பட்டியல், கிளிக் செய்தவர்கள் இருந்த ஊர்களின் பட்டியல். கடைசியாக 'சேஞ்ச் ஹிஸ்டரி': யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்பது இரண்டு வருடத்துக்கு அங்கே இருக்கும். மூன்று மாதமாக ஒரு மாற்றமும் இல்லையென்றால், மேனேஜ்மென்ட் ஃபீஸ் எதற்கு என்று கேட்க வேண்டியதுதான்.

"அது எங்க கம்பெனி அக்கவுண்ட் சார், காட்ட முடியாது" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்கில் ஓடினால், ஒரு ரூபாய் என்று உங்களிடம் வாங்கிய கிளிக்கை அவர்கள் எத்தனை பைசாவுக்கு வாங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. கூகுளின் இன்வாய்ஸும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் வராது, விளம்பரச் செலவுக்கான 18% வரியை அந்த இன்வாய்ஸைக் காட்டி இன்புட் கிரெடிட்டாக எடுக்கவும் வழியில்லை. விலகும்போது கணக்கின் வரலாறும் அவர்களோடு போய்விடும். கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே தொடங்குங்கள். கார்டும் ஜிஎஸ்டி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜென்சிக்கு அந்தப் பத்து இலக்க கஸ்டமர் ஐடியை மட்டும் கொடுங்கள். அவர்கள் தங்கள் மேனேஜர் கணக்கிலிருந்து (பல வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே இடத்தில் பார்க்கும் கணக்கிலிருந்து) கோரிக்கை அனுப்பினால் ஏற்றுக்கொள்ளலாம். அட்மின் அதிகாரம் உங்களிடம் இருக்க வேண்டும். பாஸ்வேர்டோ ஓடிபியோ யாரும் கேட்கத் தேவையே இல்லை.

போன பணம் திரும்புமா? செல்லாத கிளிக் என்று கூகுள் தானே கண்டுபிடித்தால் கழித்துவிடும், 'இன்வேலிட் கிளிக்ஸ்' நெடுவரிசையைச் சேர்த்தால் எண்ணிக்கை தெரியும். ஆனால் டிஸ்ப்ளே டிக்கை எடுக்காமல் விட்டதால் கேம் ஆப்பில் வந்த கிளிக், அங்கே வந்தது என்பதற்காகவே செல்லாத கிளிக்காகிவிடாது. அதற்கு ஏஜென்சியிடம்தான் மல்லுக்கட்ட வேண்டும், ஒப்பந்தத்தில் 'கூகுள் தேடல் கிளிக் மட்டும்' என்று எழுதியிருந்தால்.

குறைந்த பிட் என்றாலே மோசடி என்றும் இல்லை. பிட்டை முதலில் முடிவு செய்ய வேண்டியது உங்கள் லாபக் கணக்கு. ஆர்ஓ சர்வீஸில் ஒரு வேலைக்குக் கையில் நிற்பது ₹400, நூறு கிளிக்குக்கு நான்கு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ₹1,600-ஐ நூறால் வகுத்தால் ₹16. அதற்கு மேல் போனால் கைக்காசு. ₹16 பிட் வைத்தால் ஒவ்வொரு முறையும் ₹16 போகாது. அந்த இடத்தைப் பிடிக்கத் தேவையானது மட்டுமே போகும். முதல் பக்க மதிப்பீடு ₹25 என்று காட்டினால், ஒரு ரூபாயில் ஆயிரம் கீவேர்ட் போடாதீர்கள். வளையத்தைச் சுருக்குங்கள். 'வேளச்சேரி ஆர்ஓ ஃபில்டர் மாற்ற' மாதிரி ஏரியாவும் வேலையும் சேர்ந்த சொற்கள், ஃப்ரேஸ் அல்லது எக்ஸாக்ட் மேட்ச் (கீவேர்டின் பொருளோடு நெருங்கிப் பொருந்தும் தேடல்களுக்கு மட்டும் காட்டும் அமைப்பு), போன் எடுக்க ஆள் இருக்கும் நேரம் மட்டும், லொகேஷனில் 'பிரசன்ஸ்' மட்டும், டிஸ்ப்ளே டிக் எடுத்தாயிற்று. ரொம்பச் சுருக்கினால் 'லோ சர்ச் வால்யூம்' என்று கீவேர்டே தூங்கிவிடும். அப்போது ஏரியாவை ஒரு படி விரியுங்கள். மேக்ஸிமைஸ் கிளிக்ஸ் (பட்ஜெட்டுக்குள் அதிக கிளிக் வர பிட்டை கூகுளே வைக்கும் முறை) போட்டால் மேக்ஸ் சிபிசி, அதாவது ஒரு கிளிக்குக்கான உச்சத் தொகை, என்ற வரம்பில் அந்த ₹16-ஐ எழுதுங்கள். இதே வரம்பில் ₹1 எழுதித்தான் பேக்கேஜ்காரர்கள் வண்டி ஓட்டுகிறார்கள்.

இரண்டு வாரம் ஓடவிட்டால் மாதம் நூறு, நூற்றைம்பது கிளிக்குக்கான வேகம் தெரியும். பத்தாயிரத்தைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னதாகத் தெரியும்தான். அந்த இரண்டு வாரத்தில் கடை போனில் வந்த புது எண்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து, கிளிக் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.