ஏழு வருட பரதநாட்டிய வகுப்பும் ஆறு நிமிடப் போட்டியும்

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தங்கை போன வாரம் கேட்டாள்: "அக்கா, பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆகுது. விஜயதசமிக்கு பரதத்துல சேர்த்துடலாம்னு இருக்கேன். எத்தனை வருஷத்துல போட்டிக்கு அனுப்பலாம்?"

அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு கல்யாண மண்டபத்தில் காலை ஏழரையிலிருந்து மாலை நான்கு வரை மகளோடு காத்துக் கிடந்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. இருந்தாலும் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஐந்தில் சேர்த்தோம். திருச்சியில் ஒரு வீட்டு மாடியில் வாரம் இரண்டு நாள் வகுப்பு. முதல் வருடம் முழுக்கத் தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படை அசைவுகள்தான். டீச்சர் தட்டுமணை என்ற கட்டையில் தட்டுக்கழி என்ற குச்சியால் தட்டி "தெய்யா தெய்" சொல்வார். பிள்ளைகள் முதல் காலத்தில் மெதுவாக ஆடுவார்கள், பிறகு அதைவிட வேகமாக இரண்டாம் காலம், பிறகு மூன்றாம் காலம். அவ்வளவுதான். வேறொரு வகுப்பில் மூன்றே மாதத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆண்டுவிழாவில் ஆடினார்கள். நானும் பொறுமையிழந்து, எப்போது பாட்டுக்கு ஆட வைப்பீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். "முதல்ல நல்லா உட்காரட்டும்மா" என்றார். முழங்கால்களை இருபுறமும் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியைச் சொன்னார். மூன்றாம் வருடம்தான், கச்சேரியில் முதலில் ஆடும் அலாரிப்பு வந்தது. அதிலும் பாட்டு கிடையாது, தாளச் சொற்களான சொற்கட்டு மட்டும்தான். கண், கழுத்து, தோள், கை, கால் என்று உடம்பு ஒவ்வொன்றாக விரிவதை என் மகளிடமே பார்த்த அன்று, அந்த இரண்டு வருடம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சலங்கையின் தோல் ஒரு முறை கிழிந்தது, செருப்புத் தைக்கும் பெரியவர் மணிகளைக் கழற்றிப் புதுத் தோலில் கோத்துத் தந்தார். நகை செட் நாகர்கோவில் வடசேரியில் செய்தது, ஐந்து வருடத்தில் ஒரு கல்கூட விழவில்லை. உடைதான் வருடா வருடம் குட்டையாகிவிடுகிறது, மடிப்பைப் பிரித்து எத்தனை முறைதான் இறக்குவது.

அப்புறம் ஒன்பது வயதில் போட்டி. என் குறை எல்லாம் அந்த ஆறு நிமிடத்தின் மேல்தான். நாங்கள் போன இடங்களில் பெரும்பாலும் அதுதான் வரம்பு, அதற்கு மேல் போனால் மணி அடிப்பார்கள். முதல் இரண்டு வருடம் சின்னக் கீர்த்தனையாக இருந்ததால் சமாளித்தோம். போன வருடம் வர்ணம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை சகோதரர்கள் நால்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய கச்சேரி முறையில் வர்ணம்தான் நடுநாயகம். முழுதாக ஆடினால் அரை மணிக்கு மேல் போகும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஆடும் பெண் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக அதை விரித்துக் காட்டுவாள். வர்ணத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. போட்டிக்கு அதை எப்படிச் சுருக்குவது? தாளச் சொற்களுக்கு ஆடும் முதல் ஜதி, பல்லவி வரி ஒரே ஒரு தடவை, உடனே பின்பகுதியான சரணத்துக்கு ஓட்டம். பாட்டில் வரும் நாயகி தோழியிடம் தன் மனதைச் சொல்லவே நேரமில்லை, அதற்குள் சரண ஸ்வரம் வந்துவிடும். அதைவிட மோசம், போட்டிக்கு முந்தைய மூன்று மாதமும் வகுப்பில் இந்த ஆறு நிமிடம் மட்டும்தான். அடவுப் பயிற்சி நின்றுபோகிறது. அரைமண்டி விரல் விரலாக மேலே ஏறுகிறது. போன வருட வீடியோவையும் அதற்கு முந்தைய வருட வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். பதினொரு வயதில் ஆடியதைவிடப் பத்து வயதில் நன்றாக உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் என்னை உலுக்கிய ஒரு சந்தோஷமும் இந்த வெட்டு வேலையால்தான் கிடைத்தது. பதிவைச் சுருக்க ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனோம். அங்கிருந்த தம்பி பல்லவியையும் சரணத்தையும் ஒட்டிப் போட்டுக் காட்டினார். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மகள் மடியில் கையால் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "கடைசித் தட்டும் வீச்சும் இல்லம்மா. ரெண்டு எண்ணிக்கை குறையுது." அவர் நான்கு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று திருத்திக் கொடுத்தார். பரிசு வாங்கிய நாளில்கூட எனக்கு அப்படிக் கண் கலங்கியதில்லை. அந்தக் காது தட்டுமணைச் சத்தத்தில் ஏழு வருடம் வளர்ந்த காது.

போட்டியும் அவளுக்குக் கொடுத்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மேடைப் பயம் போனது. போன வருடம் ஒரு பெரிய பெண் முழங்கால் தரையில் பட ஆடும் மண்டி அடவில் சுழன்றதைப் பார்த்துவிட்டு வந்து, அதே வேகத்துக்காக இரண்டு மாதம் உழைத்தாள். அரசுப் பள்ளியில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு 2022-23இல் தொடங்கிய கலைத்திருவிழா என்ற போட்டி இருக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று அதில் ஒவ்வொரு படியாக ஏறலாம். நாங்கள் போகும் போட்டிகளில் ஏறுவதற்கு அப்படி ஒரு அடுத்த படி கிடையாது, அடுத்த மண்டபம்தான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டுக்கு மேடை என்றார்கள். ஐந்து மணிக்கே மேக்கப், ஜடை, குஞ்சலம், ஒட்டியாணம். சாப்பிட்டால் உதட்டுச் சாயம் கலையும், கழிப்பறைக்குப் போக உடையைக் கழற்ற வேண்டும். மூன்றரைக்கு அவளுடைய போட்டி எண்ணைக் கூப்பிட்டார்கள். பதிவை நடுவிலிருந்து ஓட விட்டார்கள். நிறுத்தி மறுபடி போட்டார்கள், ஆனால் கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லை. சரணம் தொடங்கியதும் மணி. அவள் நின்ற இடத்திலேயே முறையாக வணங்கிவிட்டு இறங்கினாள். நடுவர்கள் என்ன மதிப்பெண் போட்டார்கள், எதில் குறை என்று ஒரு வார்த்தை இல்லை. கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்பது மணி நேரம் பட்டினி கிடந்த குழந்தைக்கு, அரைமண்டி போதவில்லை என்றாவது சொல்லியிருக்கலாமே.

தங்கைக்கு என் பதில் இது. விஜயதசமிக்குச் சேர்த்துவிடு. சேர்க்கும் முன் ஒரு நாள் வகுப்பில் போய் உட்கார்ந்து பார். டீச்சர் கையில் தட்டுக்கழி இருக்கிறதா, இல்லை முதல் நாளே செல்பேசியில் பாட்டு ஓடுகிறதா என்று கவனி. போட்டிக்கு எத்தனை வருடம் என்ற கணக்கே வேண்டாம். என்னை இன்று கேட்டால், போகவே வேண்டாம் என்பேன். ஜனவரியில் ஒரு போட்டி இருக்கிறது, மகள் போகணும் என்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று வகுப்பில் டீச்சர் நாட்டடவை முதலிலிருந்து எடுத்தார். பிறகு அதே வர்ணத்தை வெட்டாமல் ஆரம்பித்தார். பல்லவியின் முதல் வரி முடியவே நாற்பது நிமிடம் ஆனது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.