சாலைத் திட்டமிடல் கருத்துக்கேட்புச் சேவை: ஒரு மதிப்பீடு

பரபரப்பான ஒரு சாலையில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் வேண்டிய வசதிகளைத் திட்டமிட, அப்பகுதி மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் சேவையை மூன்று மாதங்களாகக் கவனித்து வந்தேன். வரைபடத்தை மேசையில் விரிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அனைவரையும் சாலைக்கே அழைத்துச் சென்றதுதான் அவர்கள் செய்த மிகச் சிறந்த காரியம். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்தால் 18 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 15 நொடிகள் போதும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் கைத்தடியோடு வந்த பாட்டி ஒருவர், பச்சை விளக்கு எரிந்த உடனே இறங்கியும், 15 நொடிகள் முடிந்தபோது இன்னும் இரண்டு தடங்கள் மீதமிருக்க நடுவழியில் திகைத்து நின்றதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். அதன் பிறகு, சாலை நடுவே நின்று செல்ல ஒரு திட்டு வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை.

மிதிவண்டிப் பாதை விஷயத்தில்தான் ஏமாற்றம். வெறும் வெள்ளைக் கோடு போட்ட பாதை விரைவில் வண்டி நிறுத்துமிடமாகிவிடும் என்று பலமுறை சொல்லியும், தடுப்புக் கட்டையால் பிரிக்கப்பட்ட பாதை வரைவில் இடம்பெறவில்லை. கூட்டங்களை வேலைநாளின் பகலில் வைத்ததால், அச்சாலையில் தினமும் மிதிவண்டி மிதிப்பவர்களே வர முடியாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம். இறுதி அறிக்கையோ, எந்தக் கருத்து ஏன் ஏற்கப்படவில்லை என்பதைக் காரணத்தோடு விளக்கியது. அதற்காகவே இவர்களை அழைக்கலாம், மாலை நேரக் கூட்டங்களை மட்டும் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.