பூவனா, ஜி9-ஆ: தினமும் சாப்பிட எந்த வாழைப்பழம்?

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம் வேண்டும். நாங்கள் இருப்பது திருச்சி. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ஜி9 என்ற நீளமான மஞ்சள் பழத்தை விட்டு, இப்போது பூவன் சீப்புதான் வாங்குகிறோம்.

சுவையில் பெரிய வழக்கு இல்லை. ஜி9 பெரிது, வெறும் இனிப்பு. பூவன் சிறிது, இனிப்போடு லேசான புளிப்பு. சத்தைப் பொறுத்தவரை எதைச் சாப்பிட்டாலும் நல்லதுதான்.

என்னை மாற்றியது தோலின் நிறம். ஜி9, கேவண்டிஷ் என்ற வாழை இனத்தில் ஒரு வகை. கிட்டத்தட்ட 25 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் பழுத்தால், உள்ளே நன்றாகக் கனிந்தாலும் இதன் தோல் பச்சையாகவே நின்றுவிடும். ஆனால் வாங்குகிற நாம் மஞ்சளைப் பார்த்துத்தானே எடுக்கிறோம்? அதற்காகக் காய்களை ஏசி அறையில் அடுக்கி, 16 முதல் 18 டிகிரிக்குள் வைத்து, எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைக்கிறார்கள். எத்திலீனைக் குறை சொல்லவில்லை. 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு வரை, சட்டமே அனுமதிக்கிறது. தடை இருப்பது கார்பைடு கல்லுக்குத்தான். என் கவலை மின்சாரம். மே மாதம் வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது, ஓர் அறையை நாள்கணக்கில் 18 டிகிரியில் வைத்திருக்க எவ்வளவு கரண்ட் ஆகும்! பழம் கடையில் இன்னும் சில நாள் தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் அந்தச் செலவில் பெரும்பங்கு நாம் உரித்து எறியும் தோலுக்குப் போகிறது.

பூவனுக்கு இந்தப் பாடு இல்லை. மண்டியில் புகைமூட்டம் போட்டாலும் சரி, வீட்டில் கயிற்றில் தொங்கவிட்டாலும் சரி, நம் ஊர் வெக்கையிலேயே பொன் நிறத்துக்கு வந்துவிடும். தோல் மெலிந்து கரும்புள்ளி விழும் வரை பொறுத்தால் புளிப்பும் அடங்கிவிடும். புள்ளியைப் பார்த்து அழுகல் என்று ஒதுக்காதீர்கள், பழம் பக்குவமாக இருப்பதே அப்போதுதான்.

தோட்டத்துக் கணக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. தொட்டியம், முசிறிப் பக்கம் பூவனில் பக்கக்கன்றை விட்டு மறுதாம்பு, அதாவது புதிதாக நடாமலே அடுத்த விளைச்சல், எடுக்கிறார்கள், இலையும் காசாகிறது. ஜி9-க்குத் திசு வளர்ப்புக் கன்று, சொட்டுநீர், உரம் என்று முதல் அதிகம். ஆனால் தார் 25, 30 கிலோ வரை வரும். ஒரு கிலோ பழத்துக்கு எவ்வளவு நிலம் என்று பார்த்தால் ஜி9 முந்தலாம். பூவனை வைரஸ் நோய்களும் எளிதில் தாக்கும். நான் வாங்கிச் சாப்பிடுகிறவன், பயிர் செய்தவனில்லை. அதனால் இதில் அடித்துப் பேச மாட்டேன்.

மில்க் ஷேக்குக்கு ஜி9 வாகுதான். அந்தச் சுவையே வேண்டும் என்பவர்கள் தள்ளுவண்டியில் விற்கும் பச்சை வாழைப்பழத்தைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் கேவண்டிஷ்தான், பெரும்பாலும் ஏசி அறையைப் பார்க்காமல் பழுத்தது. லேசாக அழுத்திப் பார்த்து, கனிந்திருந்தால் தாராளமாக வாங்கலாம்.