சில்லா, செயற்கை நுண்ணறிவா? 18 கணினிகளுக்கு நான் போட்ட கணக்கு

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மொத்தம் 18 கணினிகள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்றதும், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத 7 பழைய பெட்டிகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அதே வாரம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து உட்கார்ந்தார். பழைய பெட்டிகளே போதும், எங்கள் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் இரவும் பகலும் காவல் காக்கும், ஆண்டுச் சந்தா மட்டும் கட்டினால் போதும் என்றார். சில்லுள்ள புதுப் பெட்டிகளுக்கும் மென்பொருளுக்கும் சேர்த்துப் பணம் இல்லை என்று ஆடிட்டர் கையை விரித்துவிட்டார். நான் சில்லின் பக்கம் சாய்ந்தேன். இன்றும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிபிஎம் என்றால் என்ன என்று ஆடிட்டர் அலுவலகத்தில் விளக்குவது எளிது. வரிக் கணக்கில் டிஜிட்டல் கையொப்பம் இடும் யூஎஸ்பி டோக்கன் எல்லார் மேசையிலும் கிடக்கிறது. அதற்குள் இருக்கும் ரகசியச் சாவி வெளியே வராது. கையொப்பம் மட்டுமே வரும். அந்த டோக்கனைக் கணினிக்குள்ளேயே குடிவைத்தது போன்றதுதான் டிபிஎம். கணினி எழும்போது ஒவ்வொரு கட்டமும் தனக்கு அடுத்த கட்டத்தை அளந்து, அந்த அளவைச் சில்லிலுள்ள பதிவேட்டில் சேர்க்கிறது. பதிவேட்டில் எதையும் அழித்து எழுத முடியாது. பழைய மதிப்போடு புதிய அளவைச் சேர்த்து ஹாஷ் (தரவின் கைரேகை போன்ற ஓர் எண்) எடுத்தால் வருவதே புதிய மதிப்பு. நேற்றைய இறுதி இருப்பு இன்றைய ஆரம்ப இருப்பாக வருகிறதே, அதே கணக்குதான். நடுவில் ஒரு பற்றைத் திருத்தினால் கடைசித் தொகை உதைக்கும். தொகை ஒத்துவந்தால்தான் விண்டோஸின் பூட்டு மென்பொருளான பிட்லாக்கர் பூட்டிய வட்டின் சாவியைச் சில்லு விடுவிக்கும். இதைச் சொன்னதும் எங்கள் ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்: “அப்படியானால் இது நம் ஆள்.”

எதிர்த் தரப்பின் வழி வேறு. எது சரியான நிலை என்று முன்கூட்டி அதற்குத் தெரியாது. எது வழக்கமானது என்று பார்த்துப் பழகி, வழக்கத்தை மீறியதைச் சந்தேகிக்கிறது. இதுவரை யாரும் பார்த்திராத தீநிரலையும் நடத்தையை வைத்தே பிடிக்க முடியும் என்பது அதன் பெரும் பலம். அதை நான் கண்ணாரக் கண்டேன். 45 நாள் சோதனைக் காலத்தில், இன்வாய்ஸ் என்ற பெயரில் வந்த மின்னஞ்சல் இணைப்பு ஒன்று பின்னணியில் பவர்ஷெல்லை (விண்டோஸுக்கு நேரடியாகக் கட்டளையிடும் கருவி) இயக்கப் பார்த்தது. அந்த நொடியே மென்பொருள் அதை நிறுத்திவிட்டது. சில்லு இதைத் தடுத்திருக்காது. சுத்தமாக எழுந்த கணினியில், உரிமையுள்ள ஊழியர் தன் கையால் திறக்கும் கோப்பைப் பற்றி டிபிஎம்முக்கு ஒரு கவலையும் கிடையாது.

அப்புறம் ஏன் அதை வாங்கவில்லை? பராமரிப்பு. விலைப்பட்டியலில் எழுதாத செலவு அதுதான்.

சோதனைக் காலத்தில் ஒருநாள் இரவு 11:40-க்கு ஓர் எச்சரிக்கை வந்தது: ஒரு கணினியிலிருந்து பெரும் அளவில் கோப்புகள் வெளியே நகலாகின்றன. நான் அதைப் பார்த்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. விசாரித்தால், ஊருக்குக் கிளம்பிய ஆடிட்டரே பென்டிரைவில் கோப்புகளை ஏற்றியிருக்கிறார். திருடனாக இருந்திருந்தால் ஒன்பது மணி நேரத்தில் ஊர் தாண்டியிருப்பான். சரி, மென்பொருளே தானாக முடிவெடுக்கட்டும் என்று அந்த அமைப்பை மாற்றினேன். அந்த மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். கொள்முதல் பட்டியலைப் பிரித்துக் கொடுக்க நாங்களே எழுதி வைத்திருந்த எக்செல் மேக்ரோவை அது தீநிரல் என்று முடிவுகட்டி, அந்தக் கணினியையே நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிட்டது. கணக்காளர் அம்மா என் மேசைக்கு வந்து நின்ற நிற்பு இன்னும் நினைவிருக்கிறது.

மென்பொருளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கே அப்படி. ஆயிரத்துக்கு ஒன்றுதான் தவறும் என்று வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் நிகழ்வுகளில் ஆயிரம் பொய் எச்சரிக்கைகள் வரும். அவற்றைச் சலித்துப் பார்க்க ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். எங்களிடம் அந்த ஆள் இல்லை.

சில்லின் பராமரிப்பு வேறு ரகம். அதுவும் என்னைச் சும்மா விடவில்லை. புதுப் பெட்டிகளுக்கு ஒருநாள் மாலை ஃபர்ம்வேரை (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) புதுப்பித்தேன். பிட்லாக்கரை முதலில் இடைநிறுத்தி வைக்க மறந்துவிட்டேன். காலையில் நான்கு கணினிகள் நீலத் திரையோடு நின்று 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. அளவு மாறியிருக்கிறது, சில்லு கதவைத் திறக்க மறுக்கிறது. தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அச்சிட்டு இரும்பு பீரோவில் வைத்திருந்த தாள்களை எடுத்து, ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளைத் தட்டினேன். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் வகுபடும் எண் என்பதால் ஓர் இலக்கம் பிசகினாலும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் எழுந்துவிட்டன. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும் வேலை, நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த வேலையும் குறித்தாயிற்று: கையொப்பமிட்ட நிரல்கள் மட்டுமே கணினியை எழுப்ப அனுமதிக்கும் செக்யூர் பூட்டுக்கு 2011-இல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன, அதற்குள் புதியவை ஏறியிருக்க வேண்டும்.

அந்தத் தாள்கள் இல்லாதவர்களின் பாடு என்ன என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அவற்றைக் கையால் மீட்கப் போனவர்களில் பலர் பிட்லாக்கர் சாவியைத் தேடி அலைந்தார்கள்.

சில்லு அசைக்க முடியாத கோட்டை என்று நான் சொல்லவில்லை. செக்யூர் பூட்டைத் தாண்டிய பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் 2023-இல் அம்பலமானது. “நம்ப வேண்டாம்” என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவியை அப்படியே வைத்துச் சந்தைக்கு வந்த கணினிகள் 2024-இல் பிடிபட்டன. அதே ஆண்டில் ஓர் ஆய்வாளர், ராஸ்ப்பெர்ரி பை பைக்கோ என்ற மலிவான சிறு மின்னணுப் பலகையை வைத்து, ஒரு பழைய மடிக்கணினியில் சில்லிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியிலேயே பிட்லாக்கர் சாவியை 43 வினாடிகளில் ஒட்டுக்கேட்டுக் காட்டினார். தொடக்கத்திலேயே பின் எண் கேட்கும்படி வைத்தால் அந்த வழி அடைபடும். செயற்கை நுண்ணறிவின் பக்கமும் ஓட்டை உண்டு: 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு வீடியோ கேமிலிருந்து எடுத்த எழுத்துத் தொடர்களைத் தீநிரல்களின் வாலில் ஒட்டியே சைலன்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு மென்பொருளை ஏமாற்றினார்கள்.

ஒரு விஷயத்தில் எதிர்த் தரப்புக்கு முழு மதிப்பெண் தருவேன். சைபர் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு. அந்தப் பதிவுகளை ஒழுங்காகச் சேர்த்து வைப்பதில் அந்த மென்பொருளுக்கு ஈடில்லை. நான் இன்று அதைப் பாதி கையால் செய்கிறேன்.

என் அனுபவம் 45 நாள் சோதனையும் 18 கணினிகளும்தான். இரவுப் பணிக்கு ஆள் வைத்திருக்கும் வங்கிக்கோ மருத்துவமனைக்கோ இதே தீர்ப்பைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. வெளியாள் குழுவே எச்சரிக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் சேவைகளும் இருக்கின்றன. அவற்றை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை. எங்களுக்கு இப்போதைக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற தீநிரல் தடுப்பான் இருக்கிறது. அனுமதித்த நிரல்கள் மட்டுமே ஓடும் பட்டியல் ஒன்றையும் போட்டு வைத்திருக்கிறேன். அந்த இன்வாய்ஸ் வகையறாவுக்கு என் பதில் அந்தப் பட்டியல்தான்.

பின் எண் வைத்திருப்பது ஆடிட்டரின் மடிக்கணினிக்கு மட்டும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அடிப்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். இதுவரை இரண்டு முறை கிழித்துப் போட்டிருக்கிறேன்.