தமிழ்99 பழக: தினமும் கால் மணி நேரமா, ஞாயிறு இரண்டு மணி நேரமா?

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் ஃபொனெட்டிக் முறையிலேயே பல வருடம் ஓட்டியவன் நான். அதில் ‘வணக்கம்’ அடிக்க எட்டுத் தட்டு, நடுவில் ஷிஃப்ட் வேறு. தமிழ்99 விசைப்பலகையில் ஆறே தட்டு. க-வை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. நான் மாறத்தான் இவ்வளவு காலம் ஆனது, அதுவும் மூன்று வழிகளில் முட்டி மோதி.

முதலில் ஞாயிறு முறை. காலை டிபன் முடித்து உட்கார்ந்தால் முழுசாக இரண்டு மணி நேரம். எழுந்திருக்கும்போது விரல் பறக்கும், நாமும் கொஞ்சம் மிதப்போம். அடுத்த ஞாயிறு உட்கார்ந்தால் ழ எங்கே என்று மறுபடியும் தேடல் (வலது சுண்டுவிரலுக்குக் கீழ்வரிசையில், சாய்கோடு இருக்கும் விசை). பாதி நேரம் போன வாரத்தை மீட்பதிலேயே போய்விடும். நடுவில் ஒரு கல்யாணம் வந்தால் பதினைந்து நாள் இடைவெளி, கதை முடிந்தது.

தினமும் கால் மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம்தான், ஞாயிறு கணக்கைவிடக் குறைவு. முதல் பத்து நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். கை சூடேறுவதற்குள் நேரம் முடிந்துவிடும், ஒன்றுமே நகராத மாதிரி தோன்றும். ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பேப்பரில் இருந்த பத்தி ஒன்றைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தபோது, கண் பேப்பரிலேயே இருக்க, விரல் தானாக ந-வுக்கும் ண-வுக்கும் போய்விட்டு வந்ததைக் கவனித்தேன்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. பிரிட்டனில் கடிதம் பிரிக்கும் இயந்திரங்களுக்காகத் தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தபோது உளவியல் ஆய்வாளர்கள் ஆலன் பேட்லியும் லாங்மனும் இதையே சோதித்து 1978இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகிய குழு, நாளுக்கு நான்கு மணி நேரம் பழகிய குழுவைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றுக்கொண்டது. ஆனால் பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்ததும் அந்த ஒரு மணி நேரக் குழுவுக்குத்தான், ஏனென்றால் நாள் கணக்கில் இழுத்தது! அதாவது எது நன்றாகப் போகிறது என்று நமக்குத் தோன்றுகிறதோ அதை நம்பி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளுக்கு இது எப்போதோ தெரியும் போல, தினம் ஒரு மணி நேரம் என்றுதானே பேட்ச் போடுவார்கள், ஞாயிறு மட்டும் வந்து ஆறு மணி நேரம் தட்டிவிட்டுப் போகிறேன் என்று யாராவது சேர்ந்திருப்பார்களா?

மூன்றாவது, பழைய முறையை ஒரேயடியாக அழித்துவிட்டு மாறுவது. திங்கள்கிழமை வீராவேசமாகத் தொடங்கினேன், புதன்கிழமை முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை ஒன்று கழுத்தைப் பிடித்தது, திரும்ப ஃபொனெட்டிக். விடுமுறையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒத்துவரலாம், சம்பளத்துக்குத் தட்டுகிறவர்களுக்கு வேண்டாம்.

சரி, நான் சொல்வது இதுதான். முதல் ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எந்த எழுத்து எங்கே என்று மனதில் பதிய வையுங்கள், அதற்கு நீண்ட அமர்வு நல்லது. திங்கள் முதல் கால் மணி நேரம், ஏற்கெனவே தினமும் செய்கிற ஏதாவது ஒன்றோடு ஒட்டி; எனக்கு அது காலைக் காபி. ஒரு நாள் விட்டுப்போனால் பதற வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி குழு நடத்திய ஆய்வில் ஒரு செயல் பழக்கமாக சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

தினசரி முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. எது அடிக்கடி வருகிறதோ அதுதான் விரலில் ஏறும். எனக்கு இன்றைக்கும் ஔ மட்டும் கீழே பார்த்துத்தான் அடிக்க வருகிறது, ஔவையாரைத் தவிர யாருக்கு அது தேவைப்படுகிறது, சொல்லுங்கள்.